ஹாபிட்: சின்னப் புத்தகம், மூன்று பெரிய படம், மல்லச்சந்திரத்துக் குள்ளர் வீடு

கேள்வி: "பையனுக்கு ஒன்பது வயசு. ஹாபிட் புத்தகத்தை முதல்ல படிச்சுக் காட்டறதா, இல்ல படத்தைப் போட்டுடறதா? படத்துல புத்தகத்தைக் கெடுத்துட்டாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?"

மே 4, 2025

கெடுத்துவிட்டார்கள். பத்து வருஷமாக இதைத்தான் சொல்கிறேன், இன்றும் அதேதான்.

டோல்கீன் எழுதி 1937 செப்டம்பரில் வந்த புத்தகம். மொத்தம் 19 அத்தியாயம். ஒரு மழைநாள் லீவு கிடைத்தால் படித்து முடித்துவிடலாம். பீட்டர் ஜாக்சன் அதை 2012, 2013, 2014 என்று மூன்று டிசம்பருக்கு மூன்று படமாக இழுத்தார். 169 நிமிடம், 161 நிமிடம், 144 நிமிடம். கூட்டிப் பாருங்கள், எட்டு மணி நேரத்துக்கு ஆறே நிமிடம் குறைவு. இரண்டு படம் என்றுதான் முதலில் திட்டம். முதல் படம் வர ஐந்து மாதம் இருக்கும்போது, 2012 ஜூலையில், மூன்று என்று அறிவித்தார்கள். உலை இறக்கின பிறகு விருந்தாளி வந்தால் ரசத்தில் தண்ணீரைக் கூட்டுவோமே, அந்த வேலை.

நீளம்கூடப் பரவாயில்லை. யாருடைய கதை இது? வீட்டில் கெட்டிலைக் கொதிக்கவைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த பில்போ என்ற ஹாபிட்டின் கதை. ஹாபிட் என்றால் குட்டை மனுஷர் இனம். தங்கத்தையும் மலையையும் டிராகனிடமிருந்து மீட்கப் போகிற பதின்மூன்று குள்ளர்கள் அவரையும் கூட்டிப் போகிறார்கள். புத்தகத்தில் கடைசிப் போர் நடக்கும்போது பில்போ தலையில் கல் விழுந்து மயங்கிவிடுவார், கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். போரை டோல்கீன் அவ்வளவுதான் மதித்தார். படத்தில் அந்தப் போர்தான் படமே. அஸாக் என்ற ஓர்க் (அரக்கர் மாதிரி ஒரு இனம்) தலைவன் புத்தகத்தில் கதை தொடங்கும் முன்பே செத்துப்போனவன். அவனை எழுப்பிக் கொண்டுவந்து முதல் படத்திலிருந்து மூன்றாவது படம் வரை துரத்தவிட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது படத்தைப் பெங்களூர் போய்ப் பார்த்துவிட்டு, கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஓசூர் தாண்டுகிற வரைக்கும் நான் யாரிடமும் பேசவில்லை. கூட வந்தவர் என் வீட்டுக்காரர். அப்போதுதான் கல்யாணம் ஆன புதிது. என்னமோ ஆகிவிட்டது என்று பயந்தே போய்விட்டார்.

மே 5

நேற்றே சொல்லியிருக்க வேண்டும். முதல் படத்தில் விடுகதைக் காட்சி இருக்கிறதே, அதில் ஒரு குறை சொன்னாலும் என் நாக்கு அழுகிவிடும்.

2011 மார்ச்சில் மொத்தப் படப்பிடிப்பும் தொடங்கியதே அந்தக் காட்சியில்தான். மார்ட்டின் ஃப்ரீமேன் பில்போ, ஆண்டி செர்கிஸ் குகையில் ஒளிந்து வாழ்கிற கொல்லம் என்ற பிராணி. இருட்டுக் குகை, ஒரு குட்டை, இரண்டே பேர். பில்போ ஜெயித்தால் வெளியே போக வழி, தோற்றால் கொல்லத்துக்குச் சாப்பாடு. வாளுக்கு அங்கே வேலை இல்லை, விடுகதைதான் எல்லாம். புத்தகத்தில் இருக்கிற எல்லா விடுகதையும் படத்தில் வரவில்லை, அது ஒரு வருத்தம். ஆனால் அந்தக் குகையின் ஈரம் அப்படியே வந்திருக்கிறது.

எனக்கு அது ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று இன்று காலை டீ போடும்போது தோன்றியது. எங்கள் ஆயா. கரண்ட் போன ராத்திரிகளில் திண்ணையில் உட்கார்த்தி விடுகதை போடும். "கால் இல்லாத பந்தல், காணக் காண வினோதம், அது என்ன?" நாங்கள் நாலு பேர் முழிப்போம். தோற்றேன் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் ஆயா விடை சொல்லும். அதைச் சொல்ல மனசே வராது. மேலே வானம் விரிந்து கிடக்கும், அதைப் பார்த்துக்கொண்டேதான் யோசிப்போம், ஆனால் வானம் என்று தோன்றாது.

பல வருஷம் கழித்து, கல்லூரியில், விடுகதை வருகிற அந்த ஐந்தாம் அத்தியாயத்தைப் படித்தபோது எனக்குப் புதுசாக எதுவும் தெரியவில்லை. இந்த விளையாட்டு எனக்குத் தெரியும் என்றுதான் இருந்தது.

மே 11

மகளுக்கு எட்டரை வயசு. கேட்டவருக்குப் பதில் சொல்லப்போய் எனக்கே ஆசை வந்து, ராத்திரி ராத்திரி அவளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். நான் வேலை செய்கிற மாம்பழக் கூழ் பேக்டரியில் சீசன் தொடங்கிவிட்டது, கணக்கெல்லாம் என் தலையில். வே பிரிட்ஜ் சீட்டுகளை முடித்துவிட்டு வீடு வர எட்டு மணி ஆகிறது. கையில் மாம்பழ வாசனை சோப்பு போட்டாலும் போகாது. அப்படியே படுத்துக்கொண்டு தமிழில் சொல்வேன். புத்தகம் பக்கத்தில் இருக்கும், திறப்பதில்லை.

பில்போவை அவள் "பில்போ மாமா" ஆக்கிவிட்டாள். மந்திரவாதி கேண்டால்ஃப், தாத்தா. பதின்மூன்று குள்ளர்களின் பேரும் என்னைவிட அவளுக்கு நன்றாக மனப்பாடம்.

கொல்லம் தொலைத்து, பில்போ குகையில் கண்டெடுக்கிற மோதிரம் ஒன்று உண்டு. கொல்லம் அதைக் கொஞ்சுகிற சொல்லுக்குத் தமிழில் என்ன வைப்பது என்று இரண்டு நாள் திண்டாடினேன். முதலில் "என் செல்லமே" என்றேன். சரியாக உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. மூன்றாம் நாள் மகள் தானாகவே, குரலை இழுத்து, "என் தங்கமே" என்றாள். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையைக் கொஞ்சுகிற சொல்லும் அதுதான், அந்த மோதிரம் செய்த பொருளும் அதுதான். இங்கிலீஷில்கூட இந்த இரண்டும் ஒரே சொல்லில் சேராது.

மே 12

சின்ன விஷயம். பல் விடுகதையில் புத்தகத்தில் முப்பது என்று வரும். மகள் விடவில்லை. "முப்பத்திரண்டு பல்லுதானேம்மா? ரெண்டு விழுந்துடுச்சா?" அவளுக்கு இப்போது முன்பல் இரண்டு ஆடுகிறது, அதனால் இது பெரிய கேள்வி. கொல்லத்துக்குப் புத்தகத்தில் ஆறு பல்தான் பாக்கி, படத்தில் ஒன்பது. இதையும் சொன்னேன். படத்துக் கொல்லம் நல்லா பல்லு தேய்க்குதுபோல என்றாள்.

மே 18

இன்று ஞாயிறு. மல்லச்சந்திரம் கூட்டிப்போனேன்.

தெரியாதவர்களுக்கு: கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற பாதையில் சாமல்பள்ளத்தில் திரும்பி உள்ளே போக வேண்டும். பாறைக் குன்றின் மேல் கற்திட்டைகள். நாலு பக்கமும் பலகைக் கல்லை நட்டு, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாகப் போட்ட வீடுகள். வீடு என்று சொன்னேன், ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. நம் பக்கத்தில் இந்த மாதிரிக் கல்வீடுகளைப் பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். முழங்கால் உயர மனுஷர்கள் ஒரு காலத்தில் குடியிருந்தார்கள், பெரிய மழைக்குப் பயந்து கல்லில் வீடு கட்டிக்கொண்டார்கள் என்று ஆயா சொல்லும்.

நான் சின்ன வயசில் பார்த்தபோது என்னை அடித்துப்போட்டது அந்த ஓட்டை. முன்பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை வெட்டியிருப்பார்கள். இடுதுளை என்று பேர். அவ்வளவு கனமான கல்லில், விளிம்பு வழவழவென்று, கை வைத்துத் தேய்த்தால் உறுத்தவே உறுத்தாது. ஹாபிட்டின் முதல் பக்கத்தில் பில்போ வீட்டு வட்டக் கதவைப் படித்த நாளில் எனக்கு இங்கிலாந்து நினைவுக்கு வரவில்லை. மல்லச்சந்திரம்தான் வந்தது. நியூசிலாந்தில் மாட்டமாட்டா பக்கம் ஒரு பண்ணையில் போட்ட அந்தப் பச்சைக் கதவு செட்டைத் திரையில் பார்த்தபோதும் என் மனசில் இருந்தது கல்தான். படத்தோடு எனக்கு இருக்கிற சண்டையில் பாதி இதுதானோ என்று இன்று தோன்றியது. அவர்கள் காட்டியது அழகான வீடு. என் வீடு இல்லை, அவ்வளவுதான்.

மகள் குனிந்து துளைக்குள் முகத்தை வைத்து, "பில்போ மாமா!" என்று கூப்பிட்டாள். உள்ளேயிருந்து அவள் குரலே கொஞ்சம் தடித்துத் திரும்பி வந்தது. ரொம்ப நேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வெயில் ஏறிவிட்டது, கல்லில் கால் வைக்க முடியவில்லை, தூக்கிக்கொண்டு வந்தேன்.

மே 19

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தம்.

ஒன்று, கற்திட்டை குடியிருந்த வீடு இல்லை. பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்கு எழுப்பிய ஈமச் சின்னம். இது எனக்குத் தெரியும், கதை வேகத்தில் விட்டுவிட்டேன். மகளிடம் சொல்லவா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன். "அப்போ பில்போ மாமாவோட தாத்தா பாட்டிங்க இருக்கற இடம்" என்றாள். சரி.

இரண்டு, ஹாபிட் வேறு, குள்ளர் வேறு. இரண்டு பேரையும் நான் குழப்பிவிட்டேன். குள்ளர்கள் தாடி வைத்தவர்கள், மலையைக் குடைபவர்கள், உலோக வேலைக்காரர்கள். ஹாபிட் தோட்டம் போட்டுச் சாப்பிட்டு நிம்மதியாக இருப்பவர்கள். உலோக வேலை என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். குள்ளர் கொல்லுப்பட்டறையைச் சொல்லும்போதெல்லாம் நான் அந்த மண்ணைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மே 25

நேற்று இரண்டாவது படம் போட்டோம். லேப்டாப்பில், நிறுத்தி நிறுத்தி, நான் தமிழில் சொல்லச் சொல்ல.

பீப்பாய்க் காட்சி. புத்தகத்தில், காட்டில் வாழ்கிற எல்ஃப் இனத்தாரின் சிறையிலிருந்து தப்ப, குள்ளர்களை ஆளுக்கொரு பீப்பாயில் வைக்கோல் திணித்து, மூடி போட்டு, ஆற்றில் விடுவார் பில்போ. தனக்கு ஒரு பீப்பாய் மிச்சம் வைக்க மறந்துவிடுவார். ராத்திரி முழுக்க வெளியே தொற்றிக்கொண்டு நனைந்தபடி போவார். படத்தில் மூடியே கிடையாது. ஓர்க் துரத்துகிறது, லெகோலஸ் என்ற எல்ஃப் வீரர் குள்ளர் தலைமேல் கால் வைத்துத் தாவி அம்பு விடுகிறார். லெகோலஸ் இந்தப் புத்தகத்திலேயே இல்லாத ஆள்.

மகள் கைதட்டினாள். "ஒகேனக்கல் பரிசல் மாதிரி!" போன வருஷம் போயிருந்தோம். ஓட்டுகிற அண்ணன் பாறை இடுக்கில் பரிசலை ஒரு சுழற்று சுழற்றினார், அவள் என் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அந்த பயம்தான் புத்தகத்தில் இருக்கிறது. தண்ணீர் தன்னை எங்கே கொண்டுபோகிறது என்று தெரியாமல், கையில் பிடிப்பு நழுவுகிற பயம். படத்தில் வேகம் இருக்கிறது, பயம் இல்லை.

எனக்குப் பொறுக்காதது அதுக்கு அடுத்தது. ஆறு கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏரி ஊரில் இறங்குவார்கள், அங்கே விருந்து வைப்பார்கள். புத்தகத்தில் பில்போவுக்குச் சரியான ஜலதோஷம், மூக்கு அடைத்துக்கொண்டு ரொம்ப நன்றி என்பதைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராது. மூன்று நாள் தும்முவார். ஆற்றில் நனைந்தவனுக்குச் சளி பிடிக்கும் என்று நினைத்து எழுதின ஒரு மனுஷர் டோல்கீன். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த நன்றியைச் சொல்லிக் காட்டினேன். பரிசலைவிட அதுக்குத்தான் அவள் அதிகம் சிரித்தாள். நானும்தான்.

மே 26

அந்தப் பெண் விஷயம். டோரியல் என்ற எல்ஃப் வீராங்கனையைப் படத்துக்காகவே உண்டாக்கினார்கள். 2013-ல் அவளைத் திட்டாத நாள் இல்லை. குள்ளனோடு காதல் வேறு.

மகள் முந்தாநாளே கேட்டிருந்தாள்: "இந்தக் கதைல பொண்ணே இல்லையாம்மா?" யோசித்துப் பார்த்தேன். பில்போவின் அம்மா பேர் வருகிறது, அதுவும் நினைவாக. வேறு யாரும் இல்லை. இருபது தடவைக்கு மேல் படித்திருக்கிறேன், எனக்கு அது ஒரு நாளும் உறைக்கவில்லை. டோரியல் திரையில் வந்ததும் இவள் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

காதல் வேண்டாம் என்பதில் மாற்றம் இல்லை. அவள் வேண்டாம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஜூன் 1

மே 4-ல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "கெடுத்துவிட்டார்கள்" என்ற சொல் இப்போது எனக்குச் சரியாகப் படவில்லை.

புத்தகத்தையே டோல்கீன் மாற்றியவர். 1937 பதிப்பில் கொல்லம் இவ்வளவு மோசம் கிடையாது. விடுகதையில் தோற்றால் அந்த மோதிரத்தையே பரிசாகத் தருவதாக ஒப்புக்கொள்ளும். தேடிப் பார்த்துக் காணவில்லை என்றதும் மன்னிப்புக் கேட்டு, பதிலுக்கு வெளியே போகிற வழியைக் காட்டிவிடும். பின்னால் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற பெரிய நாவலில் அந்த மோதிரம் அவ்வளவு பயங்கரமான பொருளாக மாறிவிட்டது, அதை யாரும் பரிசாகத் தரமாட்டார்கள். அதனால் 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே திருத்தினார். நான் நாக்கு அழுகும் என்று சத்தியம் செய்த காட்சியே அந்தத் திருத்தத்தால் வந்ததுதான்.

இன்னொன்று. 1960-ல் டோல்கீன் முழு ஹாபிட்டையும், பெரிய நாவலின் கனத்துக்குப் பொருந்துகிற மாதிரி, முதலிலிருந்து எழுத உட்கார்ந்தார். சில அத்தியாயம் எழுதினார். படித்த ஒருவர், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது ஹாபிட் இல்லையே என்ற மாதிரி சொன்னாராம். நிறுத்திவிட்டார்.

ஜாக்சன் செய்ததும் அதே வேலைதானே? சின்னக் கதையைப் பெரிய கதையின் அளவுக்கு இழுத்துப் பொருத்துவது. எழுதினவருக்கே அந்த ஆசை இருந்தது. அவர் நிறுத்திக்கொண்டார், இவர் நிறுத்தவில்லை. இதைத் தெரிந்தபிறகு என்னால் பழைய மாதிரி கோபப்பட முடியவில்லை. வருத்தம் இருக்கிறது, அது வேறு.

ஜூன் 8

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கிறது, பேக்டரி வாசலில் டிராக்டர் வரிசை ரோடு வரை நிற்கிறது. மூன்றாவது படத்தை மூன்று ராத்திரியாகப் பிரித்துப் பார்த்தோம்.

போர் வந்ததும் மகள் தூங்கிவிட்டாள். எனக்கும் கண் சொக்கியது.

ஆனால் ஒரு இடம். 2014-ல் நான் கவனிக்கவே இல்லை. குள்ளர் தலைவர் தோரினுக்குத் தங்கத்தின் மேல் பித்துப் பிடித்துவிட்டது, தன் ஆட்களையே சந்தேகப்படுகிறார். பில்போ கையில் எதையோ மூடி வைத்திருப்பதைப் பார்த்து, என்ன அது, காட்டு என்கிறார். குரல் அப்படியே விஷம். பில்போ கையை விரிக்கிறார். ஒரு ஓக் மரத்து விதை. வழியில் தங்கவைத்த பேயோர்ன் என்பவரின் தோட்டத்தில் பொறுக்கியது, ஊருக்குக் கொண்டுபோய் நடப்போகிறேன் என்கிறார். தோரின் முகம் ஒரு நிமிஷம் பழைய முகமாகிறது. இதுக்கா இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தாய் என்பதுபோல ஒரு சிரிப்பு. அப்புறம் அதுவும் போய்விடுகிறது.

இந்தக் காட்சி புத்தகத்தில் கிடையாது, படத்துக்காக எழுதினது. புத்தகத்திலேயே இருந்திருக்கலாம் என்று நான் நினைக்கிற ஒரே காட்சி. மகள் நிறுத்தச் சொல்லித் திரும்ப ஒருமுறை பார்த்தாள்.

தோரின் சாகும்போது பேசுவதை மாற்றிவிட்டார்கள். புத்தகத்தில், குவித்து வைத்த தங்கத்தைவிடச் சாப்பாட்டையும் சந்தோஷத்தையும் பாட்டையும் பெரிதாக நினைப்பவர்கள் அதிகம் இருந்தால் உலகம் நன்றாக இருந்திருக்கும் என்று வரும். படத்தில் தங்கத்தைவிட வீட்டை என்று வருகிறது. எனக்குச் சாப்பாடும் பாட்டும்தான் வேண்டும். வீடு என்று ஒரு சொல்லில் அடக்கினால் அதில் ரசமும் இல்லை ராகமும் இல்லை. ஆனால் ஊரே இல்லாமல் அலைந்த குள்ளன் வாயில் வீடு என்ற சொல் வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இரண்டும் உண்மை.

ஆர்க்கன்கல் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மலையின் இருதயம் போன்ற மணி, பில்போவுக்குத்தான் கிடைக்கிறது. வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. போரை நிறுத்துவதற்காக ராத்திரியோடு ராத்திரியாகப் போய் எதிரிகள் கையில் கொடுத்துவிட்டு, தோரினின் கோபத்துக்கு நடுவே திரும்பி வந்து நிற்கிறார். புத்தகத்தின் உச்சம் அதுதான், போர் இல்லை. இதைச் சொல்லி முடித்ததும் மகள், "அதியமான் மாதிரி" என்றாள்.

பள்ளிக்கூடத்துப் பாடத்தில் படித்தது. தகடூர் அதியமான், நெல்லிக்கனி. தின்றால் நீண்ட நாள் வாழலாம், அதைச் சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்துவிட்டான். ஔவை புறநானூற்றில் 91-ஆம் பாட்டாகப் பாடி வைத்திருக்கிறார். தகடூர் என்றால் தருமபுரி, நாங்கள் மாதம் ஒருமுறை அத்தை வீட்டுக்குப் போகிற ஊர். ஆயுளை நீட்டுகிற பொருளான மோதிரத்தைக் கொல்லம் வைத்துக்கொண்டது, நூற்றுக்கணக்கான வருஷம் இருட்டில் பச்சை மீன் தின்று வற்றிப்போனது. அதியமான் கொடுத்துவிட்டான். நான் இத்தனை வருஷம் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

ஜூன் 15

கேட்டவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

முதலில் கதையைச் சொல்லுங்கள். படித்துக் காட்டுவதைவிட வாயால் சொல்வது நல்லது, பேர்களை மாற்றிக்கொண்டாலும் குற்றமில்லை. ஆறாம் அத்தியாயம், கழுகுகள் வந்து தூக்கிக்கொண்டு போகிற வரைக்கும் சொல்லிவிட்டு முதல் படத்தைப் போடுங்கள், படம் கிட்டத்தட்ட அங்கேயேதான் நிற்கும். குள்ளர்கள் பில்போ வீட்டில் அடுப்பங்கரை வெளிச்சத்தில் தாழ்ந்த குரலில் பாடுகிற பாட்டு வரும், அப்போது யாரும் பேசக் கூடாது. இரண்டாவது படம் எப்போது வேண்டுமானாலும். மூன்றாவதுக்கு முன்னால் 19 அத்தியாயத்தையும் சொல்லி முடித்துவிடுங்கள்.

ஒன்பது வயசு சரியான வயசு. 1936-ல் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் இந்தக் கையெழுத்துப் பிரதியைத் தன் பத்து வயசு மகன் ரேனரிடம்தான் கொடுத்துக் கருத்துக் கேட்டார். கூலி ஒரு ஷில்லிங். ஐந்திலிருந்து ஒன்பது வயசுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று அந்தப் பையன் எழுதிக் கொடுத்தான்.

நேற்று ராத்திரி பேக்டரியிலிருந்து வரும்போது வாசலில் மகள் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரை உட்காரவைத்துக் கதை சொல்கிறாள். பில்போ மாமா வீடு மல்லச்சந்திரத்தில் இருக்கிறது. டிராகன் ஸ்மாக் கிருஷ்ணகிரிக் கோட்டை மேல் படுத்திருக்கிறது. பில்போ மாமா கையில் இருந்தது மாங்கொட்டை. டோரியலும் இருக்கிறாள், காதல் இல்லை. செருப்பைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். எதையும் திருத்தவில்லை. தோரின் சாகிற இடம் வந்தபோது சாப்பாடும் சொன்னாள், பாட்டும் சொன்னாள், வீடும் சொன்னாள்.